குறிப்பு எழுத ஒரு கட்டம்

நகரசபை அலுவலகத்தில், மனு வாங்கும் பிரிவில் முப்பத்தொரு வருஷம் உட்கார்ந்திருந்தவரை எல்லோரும் கட்டக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். வெள்ளைத்தாள் ஒன்று கையில் கிடைத்தால் போதும், ஸ்கேலை எடுத்து நாலு கோடு இழுத்துவிடுவார். பெயருக்கு ஒரு கட்டம், கதவிலக்கத்துக்கு ஒரு கட்டம், கையெழுத்துக்கு ஒரு கட்டம். வீட்டு மளிகைப் பட்டியலுக்கும் கட்டம் உண்டு. "நான் செத்தாலும் இவரு முதல்ல கட்டம் போட்டுட்டுத்தான் உக்காந்து அழுவாரு" என்று அவர் மனைவி பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரிப்பாள். அதில் பாதி உண்மை.

அவருக்கு அந்தப் பெயர் வந்ததற்குக் காரணம் ஒரு தையல்காரி. குழாய் இணைப்புக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். படிவத்தில் வீடு தெருவைப் பார்த்ததா, முனை வீடா என்று இரண்டே கேள்விதான். அவள் வீடோ இன்னொருவர் வீட்டுக்குப் பின்னால் இருந்தது. அதைச் சொல்லப் படிவத்தில் இடமில்லை. மூன்று தடவை விண்ணப்பம் திரும்பி வந்தது. நான்காவது தடவை, அதைச் சுக்குநூறாகக் கிழித்து அவர் முகத்திலேயே வீசிவிட்டுப் போனாள். அன்று சாயங்காலமே அவர் எல்லாப் படிவங்களிலும் கடைசியாக ஒரு அகலமான கட்டம் போட்டு, மேலே 'குறிப்பு' என்று எழுதினார். "மனுஷன் மனசுல இருக்கிறதை எழுத ஒரு இடம் வேணும்யா. இல்லன்னா நம்ம மூஞ்சியிலதான் எழுதுவான்" என்று மேலதிகாரியிடம் வாதாடி அனுமதியும் வாங்கினார்.

அந்தக் கட்டத்தை யாராவது படித்தார்களா என்று கேட்காதீர்கள். அவர் படித்தார். 'சீக்கிரம் முடித்துத் தரவும்' என்றிருக்கும். 'என் மருமகன் சொல்வதை நம்ப வேண்டாம்' என்றிருக்கும். 'நாலு மாதமாக அலைகிறேன், உங்களுக்கெல்லாம் மனசாட்சியே கிடையாதா' என்றிருக்கும். அவர் பாட்டுக்குப் படித்துவிட்டு, தலையை ஆட்டிவிட்டு, முத்திரை குத்தி மேலே அனுப்புவார். மேலே போனது மேலேயே கிடந்தது. ஆனாலும் தான் வாழ்க்கையில் செய்த ஒரே நல்ல காரியம் அந்தக் கட்டம் என்று அவர் மனதார நம்பினார். ஓய்வுபெற்ற அன்று நடந்த கூட்டத்தில் கூட அதைப் பற்றித்தான் பேசினார்கள். பேசுவதற்கு வேறு என்ன இருந்தது!

இவருக்கு ஒரு அக்கா. மூன்று வயது மூத்தவள். அம்மா போனபோது இவருக்கு ஒன்பது, அவளுக்குப் பன்னிரண்டு. அப்பா சரக்கு லாரி ஓட்டினார். வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் இருந்தால் பெரிது. ஏழாம் வகுப்போடு அக்கா பையைச் சுருட்டி வைத்தாள். அடுப்பு அவள் பொறுப்பானது, தம்பியும் அவள் பொறுப்பானான். அவன் சட்டைக்கு இஸ்திரி போட்டாள், பரீட்சைக்கு எழுப்பிவிட்டாள், பொய் சொன்னபோது கரண்டியால் இரண்டு வைத்தாள். அவன் படித்தான், உத்தியோகம் பார்த்தான். அக்காவுக்குக் கல்யாணமாகி, புருஷன் எட்டு வருஷத்தில் போய்ச் சேர்ந்தான். பிள்ளை இல்லை. இரண்டு தெரு தள்ளி ஒற்றை அறையில் குடியிருந்துகொண்டு, பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகள் வகுப்புக்கு ஆயாவாகப் போனாள். இருபத்திரண்டு வருஷமாகப் போகிறாள்.

இத்தனை வருஷத்தில் அவள் தம்பியிடம் ஒன்றும் கேட்டதில்லை. காய்ச்சல் வந்தால் கூட தானே மருந்து வாங்கிக்கொள்வாள். அது அவருக்கு நெஞ்சில் ஒரு கல்லாகக் கிடந்தது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை எதையாவது கேட்க மாட்டாளா என்று இருந்தது.

கேட்டாள்.

பள்ளிக்கூட மைதானம் முன்பு மண்தான். மழை பெய்தால் சேறு. பிள்ளைகள் சேற்றோடு வீட்டுக்குப் போனார்கள், தாய்மார்கள் சேற்றோடு திரும்பி வந்து சண்டை போட்டார்கள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் சுவருக்குச் சுவர் சிமென்ட் போட்டுவிட்டார்கள். மிஞ்சியது கிழக்கு மூலையில் ஒரு தூங்குமூஞ்சி மரமும், அதைச் சுற்றி இரண்டு எட்டு எடுத்து வைக்கிற அகலத்துக்கு ஒரு மண் வட்டமும். சாயங்காலமானால் அந்த மரம் இலையை மடக்கிக்கொண்டு தூங்கிவிடும். பகல் முழுக்க சின்னப் பிள்ளைகள் எழுபத்து நாலு பேருக்கும் அதன் நிழல்தான் கதி. நிழல் நகர நகர அக்கா பிள்ளைகளையும் நகர்த்திக்கொண்டே இருப்பாள். பத்து மணிக்கு மேற்கே, பன்னிரண்டு மணிக்கு அடிமரத்தோடு ஒட்டி, இரண்டு மணிக்குக் கிழக்கே. கடிகாரம் பார்க்காமலேயே அவளுக்கு நேரம் தெரியும்.

ஒருநாள் மத்தியானம் ஒரு சின்னப் பெண் செருப்பில்லாமல் பந்துக்குப் பின்னால் ஓடிவிட்டாள். சிமென்ட்டின் நடுவில் போய்ச் சேர்ந்த பிறகுதான் அவளுக்குச் சூடு உறைத்தது. முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் வர முடியாமல் அங்கேயே நின்று அலறினாள். அக்கா ஓடிப்போய்த் தூக்கி வந்து பார்த்தபோது இரண்டு உள்ளங்காலும் கொப்பளித்திருந்தது. சாயங்காலம் வந்த தாய், "இதைக்கூடப் பாக்காம நீங்க என்ன பண்ணிட்டு இருந்தீங்க?" என்று கேட்டாள். அக்கா அப்படியே நேராகத் தம்பி வீட்டுக்கு வந்தாள்.

"டேய், உன்னால ஒரு வேலை ஆகணும்."

"சொல்லுக்கா."

"ஒரு மனு எழுதணும். அந்தச் சிமென்ட்டை ஒடைச்சு எடுக்கணும்டா. மண்ணு வேணும். புல்லு வேணும், செடி வேணும், சுத்தி நிழலுக்கு மரம் வேணும். பிள்ளைங்க கையால தோண்டணும். புழுவைப் பாத்து அலறணும். எங்கிட்ட இருக்கிற எழுபத்து நாலுல ஒண்ணுகூட மண்புழுவைக் கண்ணால பாத்ததில்ல. படத்துலதான் பாத்திருக்குதுங்க."

தலைமையாசிரியை அக்காவிடம் விஷயத்தைச் சொல்லியிருந்தாள். இந்த வருஷம் மைதான வேலைக்குப் பள்ளிக் குழு ஒப்புக்கொண்டிருக்கிறது. என்ன வேலை என்பதுதான் முடிவாகவில்லை. ஒரு ஆயா போய்க் கேட்டால் நடக்காது. சுற்றி இருக்கிற நாலு தெரு ஜனமும் சேர்ந்து எழுத்தில் கேட்டால் குழுவால் மறுக்க முடியாது.

கட்டக்காரருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. அக்கா கேட்டேவிட்டாள். அதுவும் உலகத்தில் அவருக்குத் தெரிந்த ஒரே வேலையைக் கேட்டாள். அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

மறுநாள் காலையில் படிவம் தயார். மேலே கொட்டை எழுத்தில், 'பள்ளி மைதானத்தை மண்ணும் மரமும் செடியும் நிறைந்த இடமாக மாற்றக் கோரும் மனு'. கீழே கட்டங்கள். கடைசியாக அகலமாக, குறிப்பு.

"அது எதுக்குடா?" என்றாள் அக்கா.

"அவங்க அபிப்பிராயத்தை எழுத."

"கையெழுத்துப் போட்டா அதானே அபிப்பிராயம்?"

"கையெழுத்தை எவன்கிட்ட வேணா வாங்கலாம்க்கா. மனசுல இருக்கிறதை ஒரு வரி எழுத வெச்சோம்னு வை, அதுக்கு மதிப்பே வேற."

அக்கா தாளைத் திருப்பிப் பார்த்தாள். இவ்வளவு வருஷம் ஆபீஸில் குப்பை கொட்டினவன், தெரியாமலா சொல்வான் என்று விட்டுவிட்டாள்.

தினம் சாயங்காலம் பள்ளி விட்டதும் இரண்டு பேரும் கிளம்பினார்கள். அக்கா பேசுவாள், தம்பி தாளை நீட்டுவார். அக்கா நன்றாகப் பேசினாள். மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லமாட்டாள். அந்தப் பெண் சிமென்ட் நடுவில் நின்றதைச் சொல்வாள், அவ்வளவுதான். கேட்டவர்களுக்கு முகம் மாறிவிடும்.

முதல் வீட்டில் வங்கியில் வேலை பார்க்கும் ஒரு அம்மா. இரண்டு பிள்ளைகளும் அதே பள்ளிக்கூடம். "ரொம்ப நல்ல விஷயம்ங்க, எப்பவோ செஞ்சிருக்கணும். இதுங்க ஃபோனைக் கீழ வெச்சாப் போதும்" என்று மளமளவென்று கையெழுத்துப் போட்டாள். கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

"இதுல என்ன எழுதணும்?"

"உங்க மனசுல என்ன தோணுதோ, அதை எழுதுங்க" என்றார் கட்டக்காரர்.

அந்த அம்மாவின் மனதில் அதுவரை ஒன்றும் தோன்றவில்லை. கட்டம் காலியாக இருந்தது. காலிக் கட்டத்தைப் பார்த்தால் யாருக்கும் கை சும்மா இருக்காது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, 'சீருடையில் சேறு படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்' என்று எழுதினாள்.

மருந்துக் கடைக்காரர், 'கொசு வரக் கூடாது' என்று எழுதினார். கொசு கடித்து வருகிற காய்ச்சலில்தான் அவர் கடையில் பாதி வியாபாரம். பள்ளிச் சுவரை ஒட்டிக் குடியிருந்த ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர், சாக்கடையில் இலை அடைத்துக்கொள்வதையும் தன் கார் மேல் குப்பை கொட்டுவதையும் ஐந்து நிமிஷம் விவரித்துவிட்டு, 'இலை உதிராத மரமாக இருக்க வேண்டும்' என்று எழுதினார்.

"இலை உதிராத மரம் எங்கீங்க இருக்கு?" என்று கேட்டாள் அக்கா.

"அதெல்லாம் அவங்க பாத்துப்பாங்கம்மா. என் அபிப்பிராயம்னு கேட்டீங்க, எழுதினேன்."

கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண், பூச்செடி வைத்தால் தேனீ வரும், கம்பளிப்பூச்சி வரும், அதெல்லாம் வேண்டாம் என்று எழுதினாள். அடுத்த வீட்டுக்காரருக்கு எழுத ஒன்றுமே இல்லை. மேலே இருந்தவர் என்ன எழுதியிருக்கிறார் என்று எட்டிப் பார்த்து, 'மேற்படி' என்று போட்டார். அவருக்கு அடுத்தவரும் 'மேற்படி'. மேற்படியில் எந்த மேற்படி என்று அவர்களுக்கே தெரியாது.

சலூன்காரர் மட்டும் கையெழுத்தைப் போட்டுவிட்டுக் கத்திரிக்கோலை எடுத்துக்கொண்டார். "நல்லா நடக்கட்டும்" என்றார்.

"குறிப்பு ஒண்ணு பாக்கி இருக்கே" என்றார் கட்டக்காரர்.

"நான் என்னங்க எழுதப்போறேன்? மண்ணு வேணும்னு கேக்கறீங்க, நல்ல விஷயம். அவ்வளவுதான்."

"காலியா விடக் கூடாதுங்க. ஒரு வார்த்தையாவது எழுதுங்க."

நாற்காலியில் பாதி முடி வெட்டிய நிலையில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். சலூன்காரர் அவரைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார், ஒருவழியாக, 'பாம்பு வராமல் இருந்தால் சரி' என்று எழுதிக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் அக்கா படிக்கட்டிலேயே நின்றுவிட்டாள். அது ஆறாவது நாள்.

"டேய், நல்ல மனுஷன் சும்மா போட்டுட்டுப் போனாரு. அவரையும் நீ கெடுத்துட்ட."

"என்னக்கா கெடுத்தேன்?"

"இவங்கல்லாம் என்ன எழுதறாங்கன்னு பாத்தியா? வாயைத் திறந்தா நல்ல விஷயம்ங்கறாங்க. கையில பேனாவைக் கொடுத்தா அது கூடாது, இது கூடாதுங்கறாங்க. நாளைலேருந்து அந்தக் கட்டம் வேணாம்டா. வெறும் கையெழுத்து மட்டும் வாங்கலாம்."

"பாதியில படிவத்தை மாத்தினா மனுவே செல்லாது."

"எவன் சொன்னான்?"

"நான் சொல்றேன். முப்பத்தொரு வருஷம் இதைத்தானே பாத்தேன்." அவருக்கு உள்ளே சுருக்கென்றது. வேறு எதைச் சொல்லியிருந்தாலும் பொறுத்திருப்பார், அவருடைய கட்டத்தையே வேண்டாம் என்கிறாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்: "இதெல்லாம் ஏழாங்கிளாசுல சொல்லித் தர மாட்டாங்கக்கா."

நரம்பில்லாத நாக்கு. சொன்ன கணமே அவருக்குத் தெரிந்துவிட்டது. அந்த ஏழாம் வகுப்பு எப்படி நின்றது, யாருக்காக நின்றது என்று இரண்டு பேருக்கும் தெரியும். மன்னிச்சுக்கோ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அக்கா அவர் கையிலிருந்து தாளை வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டு மணியை அழுத்தினாள்.

பதினொரு சாயங்காலத்தில் நானூற்று முப்பத்தேழு கையெழுத்து சேர்ந்தது. நாலு தெருவில் மறுத்தவர் ஒருவர் கூட இல்லை.

பள்ளிக் குழுவுக்குத் தலைவர் ஒரு பல் டாக்டர். பல்லைப் பிடுங்கும்போதும் குரல் உயராத மனிதர். படிவங்களைப் புரட்டிப் பார்த்து அசந்துபோனார். "இப்படி ஒரு மனுவை நான் பாத்ததே இல்லைங்க. எல்லாரும் யோசிச்சு எழுதியிருக்காங்க. ஐயாவுக்கு அனுபவம் இருக்கு. இந்தக் குறிப்பையெல்லாம் தொகுத்து ஒரு பக்கத்துல கொடுத்தா எங்களுக்கு உதவியா இருக்கும்."

கட்டக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. முப்பத்தொரு வருஷத்தில் முதல்முறையாக மேலே இருக்கிற ஒருவர் குறிப்பைப் படிக்க வேண்டும் என்கிறார்! மூன்று நாள் உட்கார்ந்தார். மேற்படி என்று எழுதியிருந்தவர்களை அப்படியே விட மனம் வரவில்லை. யார் பெயருக்குக் கீழே எழுதினார்களோ அவர் கருத்தோடு ஒவ்வொருவரையும் சேர்த்தார். சேறு கூடாது, நூற்று முப்பது. கொசு கூடாது, நூற்றுப் பதினொன்று. இலை விழக் கூடாது, தொண்ணூற்று நாலு. பூச்சி கூடாது, அறுபத்து மூன்று. பாம்பு கூடாது, இருபத்திரண்டு. குறிப்பு எழுதாதவர்கள் பதினேழு பேர். கடைசியில் சிவப்பு மையில் இரட்டைக் கோடு இழுத்தார்.

அக்கா அந்தத் தாளை வாங்கி, விரலை வைத்து மெதுவாகப் படித்தாள்.

"மண்ணு வேணும், மரம் வேணும்னு எத்தனை பேர் எழுதியிருக்காங்க?"

அவர் சிவப்பு மைப் பேனாவை மூடினார். "அதான் தலைப்புலயே இருக்கேக்கா. அதை எதுக்கு மறுபடியும் எழுதணும்?"

"ஒருத்தர்கூட எழுதலையா?"

"தலைப்புல இருக்குக்கா."

பக்கத்தில் நின்ற அவர் மனைவி, "வேலியில போன ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்டீங்களோன்னு எனக்குப் பயமா இருக்குங்க" என்றாள். உனக்கென்ன தெரியும் என்று அவளையும் அடக்கினார். அன்று சாயங்காலமே தொகுப்பைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

விடுமுறை விட்டு ஒரு வாரம் இருக்கும். காலையில் அக்காவிடமிருந்து ஃபோன் வந்தது. "டேய், மரத்தை வெட்டறாங்கடா."

அவர் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினார். அவர் போய்ச் சேர்வதற்குள் கிளையெல்லாம் கீழே கிடந்தது. ரம்பம் அடிமரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா கேட்டுக்கு வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே விடமாட்டேன் என்றான் காவல்காரன். தினம் அவளிடம் வணக்கம் சொல்லுகிறவன், அன்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, "மேலிடத்து உத்தரவும்மா" என்றான். மத்தியானத்துக்குள் வேரையும் தோண்டி எடுத்து, அந்த மண் வட்டத்துக்கும் சிமென்ட் பூசிவிட்டார்கள். இரண்டு நாள் கழித்து லாரியில் பாய் பாயாகச் சுருட்டிய பிளாஸ்டிக் புல் வந்து இறங்கியது.

கட்டக்காரர் பல் டாக்டரைத் தேடி அவர் கிளினிக்குக்கே போனார். கன்னம் வீங்கிய நாலு பேருக்கு நடுவில் முக்கால் மணி நேரம் காத்திருந்தார். உள்ளே கூப்பிட்டு, வேறு நாற்காலி இல்லாததால், பல் பார்க்கிற சாய்வு நாற்காலியிலேயே உட்காரச் சொன்னார்கள்.

"நாங்க கேட்டது இது இல்லையே டாக்டர். மண்ணு கேட்டோம். மரம் கேட்டோம். தலைப்புலயே எழுதியிருந்தோமே."

டாக்டர் கையுறையைக் கழற்றினார். "ஐயா, கோபப்படாம கேளுங்க. தலைப்பு நீங்க ஒருத்தர் எழுதினது. குறிப்பு நானூத்தி இருபது பேர் எழுதினது. எதை மக்கள் குரல்னு எடுத்துக்கறது? மண்ணு போட்டா சேறு வரும், நூத்தி முப்பது பேர் கூடாதுன்னுட்டாங்க. செடி வெச்சாத் தண்ணி நிக்கும், கொசு வரும். மரம் இருந்தா இலை விழும். நாங்களும் எவ்வளவோ யோசிச்சோம். இதுல எதுவும் வராத ஒரே பொருள் இந்தப் புல்லுதான். பத்து வருஷம் உத்தரவாதம் கொடுக்கறாங்க."

"அதெல்லாம் சும்மா எழுதினது டாக்டர். கட்டம் இருந்துச்சு, எழுதினாங்க."

"அப்போ கட்டம் எதுக்குப் போட்டீங்க?"

கட்டக்காரர் வாயைத் திறந்தார். அந்த நாற்காலியில் உட்கார்ந்து வாயைத் திறந்தவர்கள் எல்லோரையும் போலவே ஒன்றும் பேசமுடியாமல் இருந்தார்.

"சாதாரணமா இதையெல்லாம் யாரும் படிக்க மாட்டாங்க" என்றார் டாக்டர் மெதுவாக. "நீங்க தொகுத்துக் கொடுத்ததாலதான் ஒண்ணு விடாமப் படிச்சோம்."

பள்ளி திறந்த அன்று மைதானத்துக்குத் திறப்பு விழா. நாலு தெரு ஜனமும் வந்திருந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். அதை மறைக்க முடியாது. வங்கி அம்மா அக்காவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "எல்லாம் உங்களாலதான். பாருங்க, எவ்வளவு சுத்தமா இருக்கு!" என்றாள். ஓட்டுநர் குனிந்து புல்லைத் தடவிப் பார்த்து, துணி மாதிரி இருக்கிறது என்றார். டாக்டர் ஒலிபெருக்கியில், மக்கள் கேட்டதை ஒரு எழுத்து விடாமல் நிறைவேற்றியிருக்கிறோம், இதற்குக் காரணமான பெரியவரை மேடைக்கு அழைக்கிறேன் என்றார்.

கட்டக்காரர் போகாமல் இருந்திருக்கலாம். அவர் காலே அவரை வெட்கமில்லாமல் மேடைக்குக் கொண்டுபோனது. அதிகாரி கூப்பிட்டால் எழுந்து போகிற கால் அது. மேடையில் டாக்டர் கை குலுக்கினார். ஒலிபெருக்கியை வாய்க்கு நேராகப் பிடித்தார்கள். "நன்றி" என்றார் கட்டக்காரர். ஜனம் கை தட்டியது. சின்னப் பிள்ளைகளின் வரிசைக்குப் பின்னால் அக்கா நின்றுகொண்டிருந்தாள். அவள் கை தட்டவில்லை. தம்பியைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிமென்ட்டாவது பன்னிரண்டு மணிக்குத்தான் சுடும். பிளாஸ்டிக் பத்தரைக்கே சுட ஆரம்பித்தது. ரப்பர் எரிகிற மாதிரி ஒரு வாடை வேறு. ஒதுங்க நிழல் இல்லை. முதல் வாரத்திலேயே இரண்டு பிள்ளைகள் வாந்தி எடுத்தார்கள். தலைமையாசிரியை அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினாள்: காலை பத்து முதல் மூன்று வரை சின்னப் பிள்ளைகளை வெளியே விடக் கூடாது. எழுபத்து நாலு பேரும் இரண்டு மின்விசிறி ஓடுகிற ஒரே அறைக்குள் ஐந்து மணி நேரம் இருந்தார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தால் மைதானம் பளிச்சென்று இருந்தது. அதில் ஒரு பிள்ளை கிடையாது.

அக்கா தம்பி வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். ஃபோன் செய்தால் எடுப்பதில்லை. மூன்று வாரம் கழித்து மனைவிதான் செய்தி கொண்டுவந்தாள். "உங்க அக்கா மறுபடியும் வீடு வீடாப் போறாங்களாம். ஒரு ஓரத்துலயாவது பாயைச் சுருட்டிட்டு நாலு மரம் வைக்கச் சொல்லிக் கேக்கறாங்களாம். கையில தாளும் இல்ல, ஒண்ணும் இல்ல. சும்மா போய் நின்னு கேக்கறாங்களாம்."

"என்ன சொல்றாங்களாம்?"

"என்ன சொல்லுவாங்க? அதான் கையெழுத்துப் போட்டோமே, கிடைச்சுடுச்சே, இன்னும் என்னம்மா வேணும்கறாங்களாம். நேத்து ஒரு வீட்டுல கதவைத் திறக்கவே இல்லையாம்."

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். இரண்டாவது தெருவில், பிற்பகல் வெயிலில், ஓட்டுநர் வீட்டுக் கேட்டைச் சாத்திக்கொண்டு அக்கா வெளியே வந்தாள். இளைத்திருந்தாள். இவரைப் பார்த்ததும் நின்றாள்.

என்னென்னவோ பேச வேண்டும் என்று வந்தவர்தான். படிக்கட்டில் சொன்ன வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றும் நினைத்திருந்தார். வாயில் வந்தது வேறு.

"அக்கா, நானும் வரேன். புதுசா ஒரு மனு எழுதிட்டேன். வெறும் கையெழுத்து மட்டும்தான். வேற ஒரு கட்டமும் கிடையாது, பாரு."

சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினார். அக்கா அதை வாங்கவில்லை. பார்க்கவும் இல்லை.

"வேணாங்க" என்றாள்.

அவருக்கு முதலில் புரியவில்லை. பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிக்கூடப் பார்த்தார்.

"நீங்க வீட்டுக்குப் போங்க. வெயில் ஜாஸ்தியா இருக்கு. உங்களுக்கு ஒத்துக்காது."

திட்டியிருக்கிறாள். கரண்டியால் அடித்திருக்கிறாள். கல்யாணத்தன்று நாலு பேர் முன்னால் டேய் என்று கூப்பிட்டு வேட்டியைச் சரியாகக் கட்டச் சொல்லியிருக்கிறாள். அறுபது வயதுத் தம்பியிடம் இப்போதுதான் முதல்முறையாக மரியாதையாகப் பேசினாள். அந்தக் குரலில் கோபம் ஒரு துளிகூட இல்லை. பள்ளிக்கூட வாசலில் யார் யாரோ பெற்றோர்களிடம் பேசுகிற அதே குரல். அவள் ஒரு அறை விட்டிருந்தால் அவர் அங்கேயே அழுதிருப்பார், எல்லாம் சரியாகியிருக்கும். அவருக்கு அழுகைகூட வரவில்லை.

அக்கா அடுத்த வீட்டுக் கேட்டைத் தட்டினாள். உள்ளேயிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். தெருவில் தாளைப் பிடித்தபடி நிற்கிற மனிதரையும் பார்த்தாள்.

"யாரும்மா அவரு? உங்ககூட வந்தவரா?"

"இல்லீங்க" என்றாள் அக்கா. "நான் தனியாத்தான் வந்தேன்."